ரோட்டுல இருந்து 120 படி மேல வீடு: கல்லு, மணல், சீமெந்து ஏத்த என்ன வழி?

மேல்பிரிவுப் பையன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். லிந்துலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல அப்பா அம்மாவுக்கு 7 பேர்ச் காணி கிடைச்சிருக்கு. லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு வெளிய வந்து சொந்தமா ஒரு வீடு. 550 சதுர அடி, 6 அங்குல புளொக் கல் சுவர், மேல தகரம். சிலாப் கிடையாது. பிளான், அனுமதி எல்லாம் சரி. தைப்பொங்கல் முடிஞ்சதும் அத்திவாரம் வெட்டணும்னு அப்பா நாள் பார்த்து வச்சிட்டார்.

பிரச்சினை காணி இருக்கிற இடம்தான். டிப்பர் வர்ற ரோட்டுல இருந்து 120 படி ஏறணும். பழைய கருங்கல் படி, ஒவ்வொண்ணும் அரை அடி, ஆக 60 அடி உயரம். நடுவுல ஒரு வளைவு இருக்கு. எதிர்ல ஆள் வந்தா ஒருத்தர் ஒதுங்கி நிக்கணும், அவ்வளவு அகலம்தான். மழை பெஞ்சா பாசி வழுக்கும்.

பிளான் போட்டவர் குடுத்த கணக்கு: புளொக் கல் 1500, மணல் 7 கியூப், முக்கால் இஞ்சிச் சல்லி 3 கியூப், அத்திவாரத்துக்குக் கருங்கல் 5 கியூப், சீமெந்து 140 மூட்டை. அது போக கம்பி, மரம், தகரம்.

ரெண்டு பேர்கிட்ட விசாரிச்சேன். ஒருத்தர் தூக்குக்கூலியைத் தனியாச் சொன்னார், புளொக் கல்லோட விலையில பாதிக்கு வருது. இன்னொருத்தர் "அதெல்லாம் பாத்துக்கலாம்"னு மட்டும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் இன்னும் பயமாயிருக்கு.

நான் கொழும்புல கடையில வேலை செய்றேன், மாசத்துல ரெண்டு தடவைக்கு மேல வர முடியாது. அப்பா "நம்ம லயத்து ஆளுங்க இருக்காங்க, தலைச்சுமையா ஏத்திரலாம்"ங்கிறார். அவருக்கு 61 வயசு. முதல் ஆளாச் சும்மாடு கட்டிக்கிட்டு நிப்பார்னு எனக்குத் தெரியும். மெஷின் ஏதாவது வாடகைக்கு எடுக்கலாமா? கப்பி கட்டி இழுக்கலாமா? இந்த மாதிரி இடத்துல கட்டின அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

டிப்பர்க்காரன் எழுதியது:

தம்பி, ரொம்ப யோசிக்காத. மண் வெட்டுற மெஷின், ஒரு பெக்கோவப் பிடிச்சு படிக்குப் பக்கத்துல பாதை வெட்டிரு. லேண்ட் மாஸ்டர் (ரெண்டு சில்லு ட்ராக்டர்) போற அகலம் போதும். செலவு ஒரு தடவைதான், பாதை காலத்துக்கும் இருக்கும். நாளைக்கு முச்சக்கர வண்டியே வாசலுக்கு வரும்.

நோர்வூட் பாஸ் எழுதியது:

பாதை நல்ல யோசனைதான், வெட்டக்கூடிய இடமா இருந்தா. பாரத்தோட லேண்ட் மாஸ்டர் ஏறணும்னா ஆறுக்கு ஒண்ணு சரிவாவது வேணும். 60 அடி ஏத்தத்துக்கு 360 அடிப் பாதை. அது நேரா வராது, ரெண்டு மூணு கொண்டை ஊசி வளைவு போட்டு மலையைக் குடையணும். ஒவ்வொரு வெட்டுக்கும் மேல ஒரு மண் சுவர் செங்குத்தா நிக்கும். அந்தச் சுவருக்கு மேல யாரோட லயம் இருக்கு, கீழ யாரோட கூரை இருக்குன்னு பாக்கணும். மீரியபெத்தையில மலை இறங்கினது 2014 ஒக்டோபர் 29. இத்தனை வருசத்துக்கு அப்புறமும் நம்ம ஆளுங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது பெக்கோதான். மண்சரிவு ஆபத்தைப் பாக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்துல அனுமதியை எழுத்துல வாங்காம ஒரு மம்பட்டி மண்ணுகூட எடுக்காத.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். முதல்ல எல்லாத்தையும் எடைக்கு மாத்து. கியூப், மூட்டை, எண்ணிக்கைன்னு ஆளுக்கொரு கணக்குல இருக்கிற வரைக்கும் எவனும் உன்னை ஏமாத்தலாம். ஒரு கியூப் 100 கன அடி. மணல்னா கியூபுக்கு நாலரை தொன் போடு, 7 கியூபுக்கு 31 தொன். சல்லி 13 தொன். கருங்கல் 21 தொன். 6 அங்குலத் துளைக் கல் ஒண்ணு 17 கிலோ வரும், 1500க்கு 25 தொன். சீமெந்து 50 கிலோ மூட்டை, 140க்கு 7 தொன். கம்பி, மரம், தகரம் எல்லாம் சேர்த்தா 100 தொன்னைத் தொட்டு நிக்கும். சின்ன வீடுதானேன்னு நினைச்சிருப்ப.

இந்த 100 தொன்னைத் தலைச்சுமையா ஏத்தினா என்ன ஆகும்னு பாரு. ஆளுக்கு 20 கிலோ வச்சா 5000 தடவை படி ஏறணும். ஒவ்வொரு தடவையும் அந்த 20 கிலோவோட சுமக்கிறவங்க உடம்பும் ஏறுது. ஆள் 55 கிலோன்னு வை, 5000 தடவைக்கு 275 தொன். நீ கூலி குடுக்கிறது மணல் ஏத்துறதுக்குன்னு நினைக்கிற. உண்மையில முக்கால்வாசிக் காசு மனுச உடம்பை 60 அடி ஏத்தி இறக்கவே போகுது. இதை யாரும் எஸ்டிமேட்டுல எழுத மாட்டாங்க.

அதனால நான் வேலை எடுத்தா பாக்கிறது ரெண்டே விசயம். ஆள் ஏறாம சாமான் மட்டும் எப்படி ஏறும்? ரோட்டுல இறங்கின சாமான் சுவருக்குப் போறதுக்குள்ள எத்தனை தடவை தரையில வைக்கிறாங்க? ரெண்டாவதுதான் முக்கியம். டிப்பர் கொட்டினதை ஒருத்தன் அள்ளி ஓரமாக் குவிக்கிறான், அங்கிருந்து படியடிக்கு, படியடியில இருந்து மேல, மேல இடமில்லைன்னு பின்பக்கம், பின்பக்கத்துல இருந்து மேசன் நிக்கிற இடத்துக்கு. அஞ்சு தடவை குனிஞ்சு அஞ்சு தடவை நிமிர்றான். இடுப்பு பிடிக்கிறது படி ஏறும்போது இல்ல தம்பி, தரையில இருக்கிறதைக் குனிஞ்சு எடுக்கும்போதுதான். காசு ஓடுறதும் அங்கதான்.

முதல் வேலையா மேல இடத்தைப் பிரிச்சு, மணல் இங்க, கல் இங்க, கலவை இங்கன்னு முளை அடிச்சு வை. கல்லைச் சுவர் வரப்போற கோட்டுக்கு நாலடி தள்ளி அடுக்கு. அத்திவாரக் குழி விளிம்புல எதையும் குவிக்காத, குழி இடிஞ்சு விழும்.

கீழ கொட்டுற இடத்துக்கும் யோசனை வேணும். ரோட்டோட வெளி விளிம்புல, சரிவுப் பக்கமா, டிப்பர் கொட்ட விடாத. ரெண்டு கியூப் மணல்னா 9 தொன், மழைத் தண்ணி குடிச்சா அதுக்கும் மேல. அந்தப் பாரத்தை ரோட்டு விளிம்பு தாங்காது. மலைப் பக்கமாக் கொட்டு, ஆனா தண்ணி ஓடுற கானை அடைக்காத. கான் அடைச்சா தண்ணி ரோட்டைக் குறுக்க வெட்டிக்கிட்டு ஓடும், உன் மணலும் அதோட போயிரும். கொழுந்து லொறி வர்ற நேரத்தைக் கேட்டுக்கிட்டு டிப்பரை வரச் சொல்லு. தோட்டத்து மனேஜர் துரைகிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வச்சா பாதிச் சண்டை குறையும்.

புளொக் கல்லுக்கு மெஷின் வேண்டாம், ஆளுங்க போதும். ஞாயித்துக்கிழமை சிரமதானம் வை. படி நெடுக அஞ்சடிக்கு ஒருத்தரா நின்னு கை மாத்தி விடணும். படி வழி நீளம் 150 அடி இருக்கும்னு வச்சா 30 பேர் வேணும், வளைவுல ஒருத்தர் கூட. இதுல யாரும் படி ஏறல, கல்லு மட்டும்தான் ஏறுது. ஆனா ஒரே நாள்ல 1500 கல்லையும் முடிச்சிருவோம்னு ஆசைப்படாத. வரிசையில நிக்கிற ஒவ்வொருத்தர் கையிலயும் எல்லாக் கல்லும் போகும். 500 கல்லுக்கே ஒவ்வொருத்தரும் எட்டு தொன்னுக்கு மேல கை மாத்தியிருப்பாங்க. ஒரு ஞாயிறுக்கு 500 போதும். இடையில தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், பிளேன்டி. பதினொரு மணிக்கு மேல இழுக்காத, களைச்ச கையில இருந்துதான் கல்லு நழுவும். கையுறை வாங்க முடியாட்டி பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி உள்ளங்கையில மாட்டக் குடு, புளொக் கல்லோட ஓரம் தோலை உரிச்சிரும். கீழ நிக்கிறவங்க கால்ல செருப்பு கூடாது, சப்பாத்து போடணும்.

சும்மாடு வச்சுத் தூக்கித்தான் ஆகணும்கிற சாமானுக்குப் படி வழியில சுமைதாங்கி போடு. இளசுகளுக்கு அது என்னன்னே தெரியாது. ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைப் படுக்க வச்சு அந்தக் காலத்துல வழிநெடுக வச்சிருந்தாங்களே, அதேதான். உனக்குக் கல் வேண்டாம், ரெண்டு கம்பமும் மேல ஒரு பலகையும் போதும். நெஞ்சு உயரத்துல இருக்கணும். தலையில இருக்கிறதைக் குனியாம அப்படியே நகர்த்தி வைக்கலாம், மூச்சு வாங்கிட்டு அப்படியே தலைக்கு எடுத்துக்கலாம். வளைவுல ஒண்ணு, மேல போய்ச் சேர்ற இடத்துல ஒண்ணு. கீழயும் ஒரு பெஞ்சு உயரத்துல மூட்டை கட்டற மேசை இருந்தா தூக்கி விட ரெண்டாவது ஆளே வேண்டாம்.

சீமெந்தைப் பத்தித் தனியாச் சொல்லணும். 50 கிலோ மூட்டையை முதுகுல போட்டுக்கிட்டு ஏறுறவன் கழுத்தைப் பாத்திருக்கியா? மூட்டையோட தையல்ல இருந்து தூள் கசியும், வேர்வையில நனைஞ்சு காலருக்குள்ள இறங்கும். மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் தெரியாது. சாயந்தரம் குளிக்கும்போது பிடரி தீப்பட்டது போல எரியும், அடுத்த நாள் கொப்புளம் உடைஞ்சு இருக்கும். சீமெந்துத் தண்ணி சுண்ணாம்பை விட லேசு இல்ல. தடிச்ச துணியோ பொலித்தீனோ தோள்ல போடாம ஒருத்தனையும் தூக்க விடாத. வாரத்துக்கு வேண்டிய மூட்டை மட்டும் எடுப்பி. நம்ம பக்கத்துப் பனியிலயும் ஈரத்துலயும் மூணு மாசம் கிடந்த சீமெந்து சீமெந்தே இல்ல. தரையில வைக்காம பலகை மேல, சுவர்ல முட்டாம, பத்து மூட்டைக்கு மேல உயராம அடுக்கு.

கடைசியா மணல், சல்லி, கருங்கல். மொத்தப் பாரத்துல 65 தொன் இதுதான். இதுக்குத்தான் ட்ரொலி, தண்டவாளத்துல கேபிள் கட்டி இழுக்கிற தட்டு வண்டி. பழைய தோட்டங்கள்ல மேட்டுல பறிச்ச கொழுந்தை மூட்டை கட்டி கம்பியில போட்டு ஸ்டோருக்கு இறக்குவாங்கன்னு உங்க தாத்தாக்களைக் கேட்டா சொல்வாங்க. அது இறக்கம், கயிறு பிடிக்க வேண்டியதில்ல. நமக்கு ஏத்தம்.

படியில போட முடியாது, வளைவு இருக்கு. ரோட்டுல இருந்து வீட்டுக்கு நேராப் பாத்து ஒரு கோடு பிடி. ஆங்கிள் இரும்பைக் கூர் மேல வர்ற மாதிரி கவுத்து ரெண்டு வரிசை போட்டு, குறுக்க மரக்கட்டை கொடுத்து முளையடி. ஸ்லைடிங் கேட்டுக்குப் போடுற பள்ளம் வச்ச சில்லு நாலு வாங்கி ஒரு தட்டுக்கு அடியில வெல்டிங் பண்ணிட்டா ட்ரொலி ரெடி. 150 அடிக்கு 20 அடி நீள ஆங்கிள் 15 வேணும். வேலை முடிஞ்சு அது வீணாப் போகாது, கேட்டுக்கும் தண்ணித் தாங்கி மேடைக்கும் ஆகும்.

150 அடி நீளத்துல 60 அடி ஏத்தம்னா, ட்ரொலி 40 கிலோ, சுமை 100 கிலோ வச்சாலும் இழுக்க வேண்டியது 56 கிலோதான். உராய்வோட 70. மேல கை வின்ச் (கைப்பிடியைச் சுத்தினா கேபிளை டிரம்முல சுருட்டி இழுக்கிறது) ஒண்ணு போட்டா ஒரே ஆள் சுத்தலாம். 650 இழுப்பு, 65 தொன். மனுசங்க தலையில ஏத்தினா 3250 ஏத்தம். கணக்கை நீயே பாரு.

கீழ்லயத்து அக்கா எழுதியது:

பாஸ் அண்ணன் எல்லாம் சரியாச் சொல்லியிருக்கார். மணல் தூக்கப் போறது யாருன்னு மட்டும் சொல்லல. எங்க பக்கம் வீடு கட்டினப்போ மணலும் சல்லியும் ஏத்தினது முழுக்கப் பொம்பளைங்கதான். கல்லு அடுக்கினதும் கலவை போட்டதும் ஆம்பளைங்க. கூலியில மட்டும் எங்களுக்குக் குறைச்சல், "லேசான வேலை"யாம்.

கொழுந்து சுமந்து பழகின முதுகுதானேன்னு கணக்கு போடாதீங்க. கொழுந்து மூட்டை மெத்துன்னு முதுகோட ஒட்டும், மணல் அப்படியில்ல. பிரித்தானியாவுல வேலைத்தலத்துக்கு வச்சிருக்கிற வழிகாட்டல்ல இடுப்பு உயரத்துல, உடம்போட ஒட்டித் தூக்குறதுக்கே ஆம்பளைக்கு 25 கிலோ, பொம்பளைக்கு 16 கிலோன்னு இருக்கு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967ல ஆம்பளைக்கு 55 கிலோவுக்கு மேல போகக்கூடாதுன்னு பரிந்துரை எழுதினதால சீமெந்து மூட்டை தப்பிச்சிருச்சு. 120 படியை அவங்க பாத்திருக்க மாட்டாங்க.

இதுக்கு ஒரு சின்ன வேலை செய்யுங்க தம்பி. உர பேக்லதான் மணல் கட்டுவாங்க. "பாதி நிரப்பு"ன்னு வாயால சொன்னா முக்கால்தான் நிரம்பும். ஒரு பேக்ல 16 கிலோ மணலை நிறுத்துப் போட்டு, எதுவரைக்கும் வருதோ அங்க மை வச்சு வெளியில கோடு போட்டு, எல்லாப் பேக்குலயும் அதே கோட்டைப் போட்டிருங்க. ஈர மணலுக்குக் கோடு ஒரு கை கீழ. மூட்டைக் கணக்குல கூலி பேசினா ஆளுங்களே ரெண்டு மூட்டையா அடுக்கித் தூக்குவாங்க. நாள் கூலி பேசுங்க, ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலி.

ஹப்புத்தளை வாசி எழுதியது:

எங்க வீடு ரோட்டுக்குக் கீழ. உங்களை விட அதிர்ஷ்டம். பழைய தகரத்தைப் பீலி போல வளைச்சு ஒண்ணோட ஒண்ணு ஏத்தி மரச்சட்டத்துல கட்டி மணலையும் சல்லியையும் சறுக்கி விட்டோம். சரிவு 45 பாகைக்குக் குறைஞ்சா மணல் நடுவுலயே நின்னுரும், ஈர மணல் அதுலயும் நிக்கும். கலவையை மட்டும் இப்படி விடாதீங்க. சல்லி முந்தி ஓடிரும், சீமெந்துக் குழம்பு பிந்தி வரும்.

பதுளை வயர்மேன் எழுதியது:

வின்ச்சுக்குப் பதிலா கடையில விக்கிற குட்டி மின்சார ஹொயிஸ்டை (பாரம் தூக்குற மெஷினை) போடலாமான்னு யாராவது கேக்கப் போறீங்க, அதுக்கு முன்னாடி சொல்லிர்றேன். அதுல 200/400னு எழுதியிருக்கும். கேபிள் ஒத்தையா இருந்தா 200 கிலோ. கூட வர்ற கப்பியை மாட்டி ரெட்டையாப் போட்டாத்தான் 400, அப்போ எட்டுற தூரமும் பாதி, வேகமும் பாதி. பெரும்பாலும் கேபிள் 12 மீட்டர்தான் இருக்கும், உங்களுக்கு வேண்டியது 46 மீட்டர். நேர் மேல தூக்கச் செஞ்ச சாமான் அது, சரிவுல இழுக்க இல்ல. பத்து நிமிசத்துல ரெண்டு மூணு நிமிசம் ஓடி மிச்ச நேரம் ஆற விடணும்னு மெஷின்ல ஒட்டியிருக்கிற தகட்டுலயே போட்டிருப்பாங்க, யாரும் வாசிக்கிறதில்ல. லயத்துல இருந்து மெல்லிசு வயர்ல நீட்டி இழுத்தா வோல்டேஜ் இறங்கி மோட்டார் கருகிரும். மாடி வீட்டுக்கு நல்லது. உங்களுக்குக் கை வின்ச்தான் சரி.

மேல்பிரிவுப் பையன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன கோடு யோசனையை அப்பாகிட்ட சொன்னேன், பேக்கைத் தேடப் போயிட்டார்.

பாஸ் அண்ணே, நேர் கோடு பிடிச்சா பக்கத்து வீட்டு மாமாவோட லீக்ஸ் பாத்தி மேலதான் தண்டவாளம் போகும். அவர் அறுவடை முடிஞ்சதும் போடச் சொல்லிட்டார், அது பெப்ரவரி ஆகும். ரெண்டு கேள்வி. வின்ச்சை எதுல கட்டுறது? மேல ஒரு பெரிய யூக்கலிப்டஸ் இருக்கு, ஆனா கோட்டுல இல்ல, பத்தடி தள்ளி. கேபிள் அறுந்தா என்ன செய்றது? அப்பா தானே சுத்துறேன்னு நிக்கிறார்.

நோர்வூட் பாஸ் எழுதியது:

பெப்ரவரி நல்ல காலம். நம்ம மேற்குச் சரிவுல மே கடைசியில தென்மேற்கு மழை பிடிச்சா செப்டம்பர் வரைக்கும் விடாது. அதுக்குள்ள பாரமான சாமான் எல்லாம் மேல போயிருக்கணும். ஜனவரியில அத்திவாரம் வெட்டி வை. கருங்கல் கொஞ்சம் கைமாத்தா ஏத்து. மிச்சம் ட்ரொலி வந்ததும் பாக்கலாம்.

மரத்தை விடு. அது தோட்டத்து மரம், அதோட கோட்டுக்குப் பத்தடி தள்ளின இடத்துல இருந்து இழுத்தா ட்ரொலி தண்டவாளத்தை விட்டு ஏறும். கோட்டுக்கு நேர் மேல, ட்ரொலி வந்து நிக்கிற இடத்துக்கு ஆறடி பின்னால, குறுக்குவாட்டுல நாலடி ஆழத்துக்குக் குழி வெட்டு. நல்ல கனமான மரக்கட்டை ஒண்ணை, ஆறடி நீளம் இருக்கணும், அதுல படுக்க வச்சு நடுவுல சங்கிலியைச் சுத்தி வெளிய எடு. மண்ணைப் போட்டு அடுக்கடுக்கா இடிச்சு மூடு. சங்கிலி வர்ற பக்கம் மட்டும் சரிவா ஒரு வாய்க்கால் விடு. கட்டை முழு மண்ணையும் பெயர்த்தாத்தான் வெளிய வரும். அந்தச் சங்கிலியில வின்ச் சட்டத்தைப் பூட்டு. மழைக்குப் பிறகு ஒவ்வொரு காலையிலயும் குழி மேல வெடிப்பு விழுந்திருக்கான்னு பாக்கணும்.

கப்பி பத்தி நீ முதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லாம விட்டுட்டேன். மேல ஒத்தைக் கப்பி கட்டிக் கீழ இருந்து இழுத்தா பாரம் குறையாது, திசைதான் மாறும். அது மட்டுமில்ல, கப்பி தொங்குற கட்டையில சுமையும் விழும், நீ இழுக்கிற இழுப்பும் விழும். 50 கிலோ தூக்கினா கட்டைக்கு 100 கிலோ. கூரை மரத்துல கப்பி கட்டி வளை முறியிறது இதனாலதான்.

கேபிள் 6 மில்லிமீட்டர் கம்பிக் கயிறு வாங்கு. அறுபடுற பாரம் 2 தொன் கிட்ட, அஞ்சுல ஒரு பங்கு 400 கிலோ வரைக்கும் நம்பலாம், நமக்கு வேண்டியது 70. நைலோன் கயிறு சீப்பாக் கிடைக்கும், வேண்டாம். வெயில்ல கிடந்தா உள்ளுக்குள்ள செத்துரும், வெளிய நிறம் மட்டும் இருக்கும். முடிச்சு போட்டா பலத்துல பாதி போச்சு. கம்பிக் கயித்து முனையை மடக்கி மூணு கிளிப் போடணும், ஒண்ணரை அங்குல இடைவெளியில. கிளிப்புல யூ மாதிரி வளைஞ்ச கம்பி இருக்கே, அது மடக்கின குட்டை வால் மேல அழுத்தணும். பாரம் இழுக்கிற நீளக் கயித்து மேல தட்டையான பக்கம்தான் உக்காரணும். பத்து இடத்துல எட்டு இடத்துல தலைகீழாத்தான் போட்டிருக்கான். முதல் இழுப்புக்குப் பிறகு நட்டை இன்னொரு தடவை இறுக்கு.

அறுந்தா என்னன்னு கேட்டது நல்ல கேள்வி. ட்ரொலியோட பின் அச்சுல ஒரு இரும்புக் கோலைப் பிணைச்சல்ல மாட்டி, நுனி கூரா இருக்கிற மாதிரி, கீழ் நோக்கி இழுபட விடு. ஏறும்போது சும்மா உரசிக்கிட்டே வரும். ட்ரொலி பின்னால உருள ஆரம்பிச்சா நுனி குறுக்குக் கட்டையில குத்தி நிறுத்திரும். குறுக்குக் கட்டை ரெண்டடிக்கு ஒண்ணு இருந்தா அதிகபட்சம் ரெண்டடிதான் ஓடும். காலி ட்ரொலியை இறக்கும்போது அந்தக் கோலைத் தூக்கிக் கொக்கியில மாட்டணும். சுமை ஏறும்போது தண்டவாளத்துக்கு நேர் கீழ யாரும் நிக்கக் கூடாது. மூட்டை வைக்கிறவங்க வச்சிட்டு ரெண்டு பக்கமும் ஒதுங்கிரணும். கோலை நம்பி நிக்கலாம்னு யாருக்கும் சொல்லாத.

வின்ச் வாங்கும்போது பல்லுச் சில்லும் நாக்கும் மட்டும் உள்ளதை வாங்காத. இறக்கும்போது நாக்கைத் தூக்கிட்டா கைப்பிடி தானாச் சுழலும், தாடையில அடிச்சா பல்லு இருக்காது. கையை விட்டா விட்ட இடத்துல தானா நிக்கிற பிரேக் வின்ச்தான் வேணும். 46 மீட்டர் கேபிள் டிரம்முல சுத்துமான்னு கடையிலயே சுத்திப் பாத்து வாங்கு. பெட்டியில போட்டிருக்கிற இழுவை டிரம்முல முதல் சுத்துக்குத்தான், கேபிள் சேர்ந்து டிரம் பருக்கப் பருக்க இழுவை குறையும். அதனால எழுதியிருக்கிறதுல பாதி கிடைக்கும்னு வச்சு வாங்கு.

அப்பாவை வின்ச் சுத்த விடாத, விசிலைக் குடு. மேல நின்னா ரோட்டுல இருந்து வீடு வரைக்கும் முழுக் கோடும் தெரியும். அவர் விசில் அடிச்சாத்தான் ட்ரொலி நகரணும், ரெண்டாவது தடவை அடிச்சா எங்க இருந்தாலும் நிக்கணும். சின்னப் பசங்க பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துக்கு இழுப்பு வேண்டாம். ட்ரொலியைப் பாத்தா ஏறி உக்காராம விட மாட்டாங்க. ராத்திரி ட்ரொலியை மேல ஏத்திச் சங்கிலி போட்டுப் பூட்டு.

கம்பியையும் தகரத்தையும் ட்ரொலியில ஏத்தாத. 12 மில்லிமீட்டர் கம்பி 6 மீட்டர் நீளம் அஞ்சே கால் கிலோதான், பாரம் பிரச்சினை இல்ல, நீளம்தான் பிரச்சினை. ரோட்டுலயே அளந்து வெட்டி, வளையம் வளைச்சு, கட்டாக் கட்டித் தோள்ல அனுப்பு. லயத்துக்குப் போற கரண்ட் கம்பி படி ஓரத்துல எவ்வளவு தாழ்வா தொங்குதுன்னு முதல்ல பாத்துக்க. தகரம் காலையில, காத்து எழும்புறதுக்கு முன்னால. ரெண்டு பேர், தகரத்தோட ஓரம் காத்தைப் பாத்து இருக்கணும், அகலத்தைக் காட்டினா ஆளோட தூக்கும். மேல கொண்டுபோன தகரத்துக்கு மேல அன்னைக்கே கல்லு வை.

தண்ணியைப் பத்தி யாரும் பேசல. 140 மூட்டைக்குக் கலவைக்கு மட்டும் மூவாயிரத்து ஐநூறு லீட்டர் போகும், சுவர் நனைக்கத் தனி. நீங்க தண்ணி பிடிக்கிற பீலி காணிக்கு மேல இருக்கா, கீழ இருக்கா? மேலன்னா அரை இஞ்சி ஹோஸ் ஒண்ணு போதும். கீழன்னா மணலோட தண்ணியையும் ட்ரொலியிலதான் ஏத்தணும், அப்போ இழுப்புக் கணக்கை மாத்தணும். பாத்துட்டு எழுது.

மேல்பிரிவுப் பையன் எழுதியது:

மேலதான் அண்ணே, காணிக்கு முப்பது நாப்பதடி மேல. ஆனா அதுல மூணு லயம் தண்ணி எடுக்குது, காலையில விட மாட்டாங்க.

நோர்வூட் பாஸ் எழுதியது:

அப்போ ராத்திரியில விடு. ரெண்டு பீப்பாய் வாங்கி, பத்து மணிக்கு மேல ஹோஸைப் போட்டா விடியிறதுக்குள்ள நிரம்பும். அந்த மூணு லயத்துலயும் முன்னாடியே போய்ச் சொல்லிரு. ஞாயித்துக்கிழமை கல்லு ஏத்த வரப்போறதும் அவங்கதான்.